நொண்டும் வரித்தலை வாத்துக்கு வீச்சுவலை வேண்டாம்

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், சுருக்கித் தருகிறேன்.

அவர்கள் ஊர்க் கடற்கரைப் பூங்காவில் மழைத்தண்ணீர் தேங்கிய ஒரு பள்ளம், அதைச் சுற்றிப் புல். பொங்கல் கழிந்ததிலிருந்து அங்கே ஒரு பெரிய வாத்து தனியாக நிற்கிறது. சாம்பல் உடம்பு, வெள்ளைத் தலை, பின்னந்தலையில் இரண்டு கறுப்புப் பட்டை, மஞ்சள் கால். இடது காலை நொண்டுகிறது. காலில் நூல் மாதிரி ஏதோ இருப்பதாகவும் தெரிகிறது, ஆனால் தூரத்திலிருந்து நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. நாய்கள் இரண்டு மூன்று சுற்றுகின்றன. ஒருநாள் நாய் பாய்ந்தபோது சவுக்கு மரங்களுக்கு மேலே எழும்பி ஒரு வட்டம் அடித்துவிட்டுத் திரும்ப அதே இடத்தில் இறங்கியது. ஜனங்கள் முறுக்கும் பிரெட்டும் போடுகிறார்கள். தகவல் சொன்னதும் வனக்காவலர் ஒருவர் வந்து பார்த்தார், "பறக்குது தம்பி, இப்ப பிடிக்க முடியாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். "டாக்டர் ஐயா, எங்க அப்பா கடலுக்குப் போறவர், வீட்ல வீச்சுவலை இருக்கு. வீசிப் பிடிச்சு, நாங்களே மஞ்சள் பத்துப் போட்டு, கால் சரியானதும் விட்டுடலாமா?" என்பது கேள்வி.

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், இதைப் படித்து முடிப்பதற்குள் நீங்கள் வலையோடு கிளம்பிவிடக் கூடாதே என்றுதான். வீச்சுவலை வேண்டவே வேண்டாம். மீனுக்கு வீசும்போது தண்ணீர் வலை ஓரத்து ஈயமணிகளின் வேகத்தைத் தாங்கிக்கொள்கிறது. தரையில் நிற்கும் பறவைமேல் வீசினால் மணி நேராகத் தலையிலோ இறக்கை எலும்பிலோ விழும். பறவை எலும்பு ரொம்ப மெல்லிசு. அதைவிட மோசம், பாதி வலை விழுந்து பாதி நழுவினால் அது வலையையும் இழுத்துக்கொண்டு கடல் பக்கம் பறந்துவிடும். அப்புறம் அதை யாராலும் காப்பாற்ற முடியாது. இன்றைக்கு அதற்கு இருப்பது ஒரு கால் பிரச்சினை. அதை இறக்கைப் பிரச்சினையாக ஆக்கிவிட வேண்டாம்.

நீங்கள் சொன்ன அடையாளத்தை வைத்துப் பார்த்தால் அது வரித்தலை வாத்து, பட்டைத்தலை வாத்து என்றும் சொல்வார்கள். வீட்டு வாத்து இல்லை, யாரும் வளர்த்துத் தப்பி வந்ததும் இல்லை. மங்கோலியா, திபெத், நம் லடாக் ஏரிகள் என்று அந்த உயரத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தில் இமயத்தைத் தாண்டி இங்கே வருகிற பறவை. கருவி பொருத்திக் கண்காணித்ததில் 7000 மீட்டருக்கு மேலேகூட இவை பறந்தது பதிவாகியிருக்கிறது. இன்னொன்றும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. முதல் குளிர்காலத்துக் குஞ்சுக்கு அந்த இரண்டு பட்டைகள் இருக்காது, தலை உச்சியும் பின்கழுத்தும் மங்கலான பழுப்பாக இருக்கும். நீங்கள் பட்டையைத் தெளிவாகப் பார்த்திருக்கிறீர்கள் என்றால் அது வளர்ந்த பறவை, குறைந்தது இரண்டாவது தடவையாக இந்தப் பயணம் வந்திருக்கிறது. வழி தெரிந்த பறவை, எங்கே இரை, எங்கே ஆபத்து என்று அதற்குத் தெரியும். அதை முதலில் நம்புங்கள்.

தனியாக இருப்பதுதான் எனக்கும் உறுத்துகிறது. இவை கூட்டமாக, குடும்பமாக இருக்கிற ஜாதி. நம் மாவட்டத்தில் சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல், சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், மேலச்செல்வனூர் என்று சரணாலயக் கண்மாய்கள் இத்தனை இருக்கும்போது, ஒரு வளர்ந்த வாத்து கூட்டத்தை விட்டுவிட்டுக் கடற்கரைப் பூங்காவில் ஒரு சின்னப் பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்றால் அதற்குக் காரணம் இருக்கும். கூட்டம் கலைந்து வழி பிரிந்திருக்கலாம். காலில் வலி இருப்பதால் அடிக்கடி இடம் மாறாமல், புல்லும் தண்ணீரும் ஒரே இடத்தில் கிடைக்கிற பள்ளத்தைத் தேர்ந்தெடுத்திருக்கலாம். இரண்டாவதாகச் சொன்னதுதான் காரணம் என்றால், அது இப்போது செய்துகொண்டிருப்பது சரியான வைத்தியம்தான், அதைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதுதான் நம் பங்கு.

சவுக்கு மரத்துக்கு மேலே எழும்பி வட்டமடித்தது என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரியைப் படித்ததும் எனக்குப் பாதிக் கவலை போய்விட்டது. இரண்டு மூன்று கிலோ கனமுள்ள பறவை அது. இறக்கை எலும்பிலோ தோள்மூட்டிலோ கோளாறு இருந்தால் அவ்வளவு உயரம் எழும்ப முடியாது. ஆனால் திரும்பத் திரும்ப அதைக் கிளப்பிவிட்டுச் சோதிக்காதீர்கள். கல்லெறிந்து "பறக்குதா பார்ப்போம்" என்று யாராவது சொன்னால் தடுத்துவிடுங்கள். ஒவ்வொரு தடவை எழும்பும்போதும் அது ஓடி, காலை உதைத்துத்தான் எழும்ப வேண்டும்.

சரி, எதைப் பார்க்க வேண்டும்? காலை வெயில் ஏறுவதற்கு முன்னாலும் சாயங்காலமும் போங்கள், உச்சிவேளையில் வேண்டாம். மத்தியானம் இவை ஒற்றைக் காலில் நின்று, தலையைத் திருப்பி முதுகு இறகுக்குள் செருகித் தூங்கும். அதைப் பார்த்துவிட்டு "கால் போச்சு, மயக்கத்தில் இருக்கு" என்று பலர் போன் செய்வதுண்டு, ஆனால் அது ஆரோக்கியமான பறவையின் பழக்கம். ஒரு முப்பது நாற்பது மீட்டர் தள்ளி உட்காருங்கள். நின்றுகொண்டிருக்கும் ஆளைவிட உட்கார்ந்திருக்கும் ஆளை அது சீக்கிரம் ஏற்றுக்கொள்ளும். மேய்கிறதா என்று பாருங்கள், புல்லை வெட்டி வெட்டி விழுங்கிக்கொண்டே நகர வேண்டும். இரண்டு இறக்கை நுனியும் வால்மேல் ஒரே உயரத்தில் படிந்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் தொங்கினால் அது வேறு கதை. யாராவது நடந்து போனால் கழுத்தை நிமிர்த்திப் பார்க்கிறதா, கண் முழுசாகத் திறந்திருக்கிறதா என்றும் கவனியுங்கள். எச்சம் பச்சையும் வெள்ளையுமாகக் கொஞ்சம் உருவத்தோடு இருந்தால் நல்லது. ஆசனவாய்ப் பக்கத்து இறகெல்லாம் ஒட்டிப்போய்ப் பளீர்ப் பச்சையாகக் கறைபட்டிருந்தால் அது சாப்பிடாமலிருக்கிற அல்லது நோய்ப்பட்ட பறவை.

இதெல்லாம் சரியாக இருந்து நொண்டல் மட்டும்தான் என்றால், ஒன்றும் செய்யாதீர்கள். சுளுக்கு, சிப்பியோ கண்ணாடித் துண்டோ கிழித்த சின்னக் காயம், இவற்றை மேய்ந்துகொண்டும் தண்ணீரில் மிதந்துகொண்டும் இருக்கிற பறவை பெரும்பாலும் தானே ஆற்றிக்கொள்ளும். மிதக்கும்போது காலுக்குப் பாரம் இல்லை, அது பெரிய உதவி. இந்தப் பறவைகள் வடக்கே திரும்பத் தொடங்குவது மார்ச் வாக்கில், அதனால் இப்போது அதற்கு நேரமும் இருக்கிறது.

ஆனால் நூல் என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் என் பதில் மாறுகிறது. அது நூலா வளையமா என்று முதலில் உறுதி செய்ய வேண்டும். ஆராய்ச்சிக்காக இந்த வாத்துகளுக்குக் காலில் வளையம் மாட்டுவது உண்டு, மங்கோலியாவில் கழுத்துப் பட்டையும் மாட்டியிருக்கிறார்கள். வளையம் சுத்தமாக, வட்டமாக, காலைச் சுற்றித் தளர்வாக இருக்கும், எழுத்தோ எண்ணோ தெரியும். நூல் என்றால் முனை எங்காவது நீட்டிக்கொண்டிருக்கும், புல் இலையோ பாசியோ சிக்கியிருக்கும். போனில் ஜூம் பண்ணி எடுத்த மங்கலான போட்டோவைவிட, உட்கார்ந்த இடத்திலிருந்து போனை ஆடாமல் தரையில் வைத்து இரண்டு நிமிஷம் வீடியோ எடுங்கள், அது புல்தரையிலிருந்து தண்ணீருக்கு நடக்கிற நேரமாகப் பார்த்து. அந்த வீடியோவில் ஒரு காட்சியிலாவது கால் முழுசாகத் தெரிந்துவிடும்.

நூல்தான் என்றால் அது பெரும்பாலும் தூண்டில் நரம்பு (தூண்டில் முள்ளைக் கட்டும் நைலான் இழை), அல்லது கிழிந்த வலையின் நைலான் இழை. நம் கரையில் அதற்கா பஞ்சம்! இப்படி நரம்பு சுற்றி வந்த கால்களை மேஜைமேல் வைத்துப் பார்த்திருக்கிறேன், உள்ளது உள்ளபடி சொல்கிறேன், ஏனென்றால் "நூல்தானே" என்று விட்டுவிடக் கூடாத விஷயம் இது. முதலில் பார்க்கும்போது நரம்பே கண்ணுக்குத் தெரியாது. கணுவுக்கு மேலே ஒரு பள்ளம் மட்டும் தெரியும், அதற்குக் கீழே பாதம் வீங்கி, மஞ்சள் நிறம் போய்க் கருநீலமாக இருக்கும், தொட்டால் சில்லென்றிருக்கும். பள்ளத்தை உப்புத் தண்ணீரால் நனைத்து நனைத்து, மேல்தோல் வளர்ந்து மூடியதை விலக்கினால்தான் அந்தக் கண்ணாடி நரம்பு ஒரு சுற்று, அதற்கடியில் இன்னொரு சுற்று என்று வெளியே வரும். பறவைக்குச் சீழ் நம்மைப்போல் ஒழுகாது, கெட்டியாக உறைந்து உள்ளேயே கிடக்கும், அதனால் வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குக் காயம் காய்ந்துவிட்டது போலவே தோன்றும். நடக்க நடக்க நரம்பு இறுகும். கடைசியில் பாதம் போய்விடும். எனவே நூல் உறுதியானால் அந்த வாத்தைப் பிடித்தே ஆக வேண்டும், அதை வாரக்கணக்கில் தள்ளிப்போடவும் கூடாது.

பிடிக்க வேண்டியது வனத்துறை, கூட ஒரு கால்நடை மருத்துவர். வந்துபோன வனக்காவலர் மேல் கோபப்படாதீர்கள். பறக்கிற பறவையைத் துரத்தாமல் திரும்பியது சரியான காரியம். துரத்தித் துரத்திப் பிடித்த பறவை கையில் வந்தபோது நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அளவுக்கு மீறிய ஓட்டத்திலும் பயத்திலும் தசை சிதைந்து ஓரிரு நாளில் காலை இழுத்துக்கொண்டு செத்துப்போகும். பூநாரை போன்ற நீண்டகால் பறவைகளில் இது ரொம்ப அதிகம், வாத்துக்கும் நடக்கும். பிடிக்கத் தெரிந்தவர்கள் ஒரே இடத்தில் நெல் போட்டு இரண்டு மூன்று நாள் பழக்கி, அது அந்த இடத்துக்குத் தானாக வரும்படி செய்து, ஒரே முயற்சியில் பிடிப்பார்கள். அதற்கு அவர்களுக்குத் தேவைப்படுவது நீங்கள் எடுத்த வீடியோ, அது மேயும் நேரம், எந்தப் பக்கமாகத் தண்ணீருக்கு இறங்குகிறது என்கிற விவரம். "ஒரு வாத்து நொண்டுது சார்" என்று மறுபடியும் போன் செய்வதைவிட, இந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு மண்டபம் வனச்சரக அலுவலகத்துக்கு நேரில் போங்கள். ராமநாதபுரத்தில் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் வனஉயிரினக் காப்பாளர் அலுவலகம் இருக்கிறது, அங்கேயும் ஒரு மனு கொடுங்கள். காலில் நரம்பு சுற்றியிருப்பது வீடியோவில் தெரிந்தால், பறக்கிறது என்று யாரும் விட்டுவிட மாட்டார்கள்.

அதுவரை உங்கள் வேலை நாய்தான். நாய் இழுத்துப்போவதுதான் இந்தக் கதை மோசமாக முடிவதற்கு இருக்கிற முக்கிய வழி. பூங்கா வாட்ச்மேன் அண்ணனிடம் சொல்லி வேலியில் நாய் நுழைகிற ஓட்டையை அடைத்துவிடுங்கள், இருட்டுவதற்கு முன்னால் நாய்களை வெளியே விரட்டிவிட்டுக் கேட்டைச் சாத்தச் சொல்லுங்கள். பள்ளத்தின் கரையில் ஒரு கயிறு கட்டி, "காயம்பட்ட பறவை, கிட்டே போகாதீர்கள், தீனி போடாதீர்கள்" என்று ஒரு அட்டை தொங்கவிட்டால் பாதிப் பேர் கேட்பார்கள். மீதிப் பேரிடம் நீங்கள்தான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

முறுக்கு, மிக்சர், பிரெட் எதுவும் வேண்டாம். பாவம் பார்த்துப் போடுகிறார்கள், எனக்குப் புரிகிறது, ஆனால் புல் தின்று வாழ்கிற பறவை அது, உப்பும் எண்ணெயும் மைதாவும் அதன் வயிற்றுக்கு ஒத்துவராது. போட்ட தீனி தண்ணீரில் ஊறி நாறும், அந்த வாடைக்கு இன்னும் நாலு நாய் வரும். எல்லாவற்றையும்விட, மனுஷன் கையைப் பார்த்துக் கிட்டே வரப் பழகிய காட்டுப் பறவைக்கு அடுத்த ஊரில் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒருவேளை நாளைக்கே அது படுத்துவிட்டால்? எழும்ப முடியாமல், இறக்கை தரையில் இழுபட, அல்லது நாய் கடித்து ரத்தம் தெரிய, அப்போது வனத்துறை வரும்வரை காத்திருக்க முடியாது, நீங்களே எடுக்க வேண்டியிருக்கும். போன் செய்துகொண்டே எடுங்கள். ஒரு பழைய போர்வை அல்லது பெரிய துண்டு, கைக்கு உறை, மூக்கு வாய்க்கு மாஸ்க். பின்பக்கமாக மெதுவாகப் போய்த் தலையோடு சேர்த்து மூடிவிடுங்கள். இருட்டானதும் அது பாதி அடங்கிவிடும். இரண்டு இறக்கையும் உடம்போடு ஒட்டியிருக்கும்படி போர்வையோடு சேர்த்து விலாப்பக்கம் அணைத்துக்கொள்ளுங்கள், அதன் தலை உங்கள் முதுகுப் பக்கம் பார்த்திருக்கட்டும். கழுத்தைப் பிடித்தோ காலைப் பிடித்தோ தூக்கக் கூடாது. இறக்கை மூட்டால் அது அடிக்கும் அடி பலமாக இருக்கும், சின்னப் பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

மார்பை இறுக்கிக் கட்டுவதுதான் நல்ல மனசோடு செய்யும் பெரிய கெடுதல். பறவைக்கு நம்மைப்போல உதரவிதானம் கிடையாது, மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. இறக்கையை மடக்கி உடம்பைச் சுற்றி இறுக்கமாகத் துணி சுற்றினால், கட்டுப் போட்ட கையோடு நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூச்சடைத்துப் போய்விடும். அதேபோல இறக்கையின் மேல்பகுதி எலும்பு உடைந்து வெளியே தெரிந்தால் அதன்மேல் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். அந்த எலும்பு உள்ளே காலி, காற்றுப் பைகளோடு இணைந்தது, ஊற்றிய தண்ணீர் சுவாச வழிக்குள் போகும். சுத்தமான துணியை மேலே லேசாக வைத்தால் போதும்.

மஞ்சள் பத்தைப் பற்றிக் கேட்டீர்கள். மஞ்சளோடு எண்ணெய் சேர்ப்பீர்கள், அங்கேதான் சிக்கல். தேங்காய் எண்ணெயோ வேப்பெண்ணெயோ இறகில் பட்டால் தண்ணீர் ஒட்டாத தன்மை போய்விடும், அப்புறம் தண்ணீரில் இறங்கினால் உடம்பு நனைந்து குளிரில் விறைக்கும். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், நாக்கின் அடியிலேயே மூச்சுக்குழாய் திறந்திருக்கிறது. நம் வீட்டில் இருக்கும் வலி மாத்திரை எதையும் பொடித்துக் கொடுக்காதீர்கள். வாயிலிருந்து நரம்பு தொங்கினால் இழுக்காதீர்கள், ஒட்ட வெட்டவும் செய்யாதீர்கள். உள்ளே தூண்டில் முள் இருந்தால் அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு அந்த நரம்புதான் வழி.

பெரிய அட்டைப் பெட்டி ஒன்றில் பக்கவாட்டில் ஓட்டை போட்டு, அடியில் சாக்கு அல்லது பழைய சேலையை மடித்துப் போட்டு வையுங்கள். வைக்கோல் வேண்டாம், ஈரப்பட்ட வைக்கோலில் வளரும் பூஞ்சை வாத்துகளின் நுரையீரலைப் பிடிக்கும், அதற்கு மருந்து கொடுத்துக் காப்பாற்றுவது கஷ்டம். மீன் ஐஸ் பெட்டியில் காற்றே போகாது, அதில் போட்டுவிடாதீர்கள். பெட்டியை மூடி, நிழலில், சத்தமில்லாத இடத்தில் வையுங்கள், பத்து நிமிஷத்துக்கொரு தடவை திறந்து பார்க்காதீர்கள், யாருக்கும் காட்டவும் வேண்டாம். கால்நடை ஆம்புலன்சுக்கு 1962 என்ற எண் இருக்கிறது, மருத்துவ உதவி கேட்கலாம், ஆனால் வனத்துறைக்குத் தெரியாமல் எங்கேயும் கொண்டுபோகாதீர்கள்.

வீட்டில் வைத்து வளர்ப்பது பற்றி ஒரே வரி: கூடாது. 1972-ம் வருஷ வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது அரசின் சொத்து, கையில் கிடைத்தால் 48 மணி நேரத்துக்குள் தகவல் கொடுத்தாக வேண்டும். சட்டத்தை விடுங்கள், சிமென்ட் தரையில் ஒரு வாரம் நின்றாலே பாதத்தில் புண் வந்து, நல்ல காலும் போய்விடும்.

உங்கள் வீட்டில் கோழியோ வாத்தோ இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் இந்தப் பறவையை அவற்றின் பக்கத்தில்கூடக் கொண்டுபோக வேண்டாம். சீனாவின் சிங்ஹாய் ஏரியில் 2005-ல் பறவைக் காய்ச்சல் வந்து ஆயிரக்கணக்கான காட்டுப் பறவைகள் செத்தன, அதில் பெரும்பகுதி இந்த வரித்தலை வாத்துகள்தான். உங்கள் பூங்கா வாத்துக்கு அது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. நொண்டல் மட்டும் உள்ள, மேய்கிற, பறக்கிற பறவையைப் பார்த்து அப்படிப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் கழுத்து முறுக்கிக்கொள்வது, ஒரே பக்கமாகச் சுற்றுவது, நடுக்கம், அல்லது அந்தப் பள்ளத்தில் வேறு பறவைகள், காக்கைகள் செத்துக் கிடப்பது, இதில் எதைப் பார்த்தாலும் கையே வைக்காதீர்கள், காப்பாற்றுகிற எண்ணத்தையும் அப்போது விட்டுவிட வேண்டும். கால்நடைப் பராமரிப்புத் துறைக்குச் சொல்லுங்கள், அவர்கள் மாதிரி எடுத்துப் போபால் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். சாதாரணமாக எடுத்தாலும் முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, உடுத்திய துணியை மாற்றிவிட்டு வீட்டுக் கோழிப் பக்கம் போங்கள்.

வீடியோ கிடைத்ததும் எனக்கும் ஒன்று அனுப்புங்கள், நூலா வளையமா என்று நானும் பார்த்துச் சொல்கிறேன். வளையம் என்றால் எண்ணைப் படிக்க முயற்சி செய்யுங்கள், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எழுதினால் எந்த ஊரில் எப்போது மாட்டியது என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. இன்னொன்று, ஒருநாள் காலையில் போகும்போது பறவை அங்கே இல்லை என்றால் பதறாமல் பள்ளத்தைச் சுற்றியும் சவுக்குத் தோப்பின் ஓரத்திலும் ஒரு நடை நடந்து பாருங்கள். பிய்ந்த இறகுகள் கொத்தாகக் கிடக்கவில்லை, ரத்தம் இல்லை என்றால் அது வேறு கண்மாய்க்குப் போய்விட்டது என்று அர்த்தம். அதையும் வனச்சரக அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள், மற்ற கண்மாய்களில் பறவை பார்க்கப் போகிறவர்கள் நொண்டுகிற வாத்து தென்படுகிறதா என்று கவனிப்பார்கள்.